புதன்கிழமை ஐந்தாம் பீரியட்

ஒவ்வொரு செமஸ்டருக்கும் கால அட்டவணை போட உட்காரும்போது கட்டம் சார் முதலில் எடுப்பது இரண்டு பேருடைய சீட்டுகளைத்தான். வேதியியல் மேடத்தின் வகுப்புகள் எல்லாம் காலையில். நெட்டை சாரின் வகுப்புகள் எல்லாம் மதியத்துக்கு மேல். அவை சுவரில் ஏறிய பிறகுதான் மற்ற ஆசிரியர்களும் வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் மிச்சமிருக்கும் இடத்தில் முண்டியடித்து உட்கார வேண்டும். இந்த விடுமுறையில் அந்த இருவருடைய ஒரே மகள் இறந்துபோனாள். கட்டம் சார் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கணிதத் துறைக்காரர். பாடம் நடத்துவதற்காகத்தான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கணக்குத் தெரிந்தவர் போட்டால் மோதல் வராது என்று யாரோ சொல்லப்போக, அட்டவணை வேலை அவர் தலையில் விழுந்தது, விழுந்தது விழுந்ததுதான். மாணவர்கள் வைத்த பெயர் நாளடைவில் ஆசிரியர்கள் வாயிலும் ஏறிவிட்டது. “சார், உங்க கட்டம் சரியா இருந்தாத்தான் எங்க கட்டம் சரியா இருக்கும்” என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. முதல் பீரியட் வேண்டாம், கடைசி பீரியட் வேண்டாம், சாப்பாட்டுக்கு அடுத்தது வேண்டவே வேண்டாம் என்பவர்களை வைத்துக்கொண்டுதான் ஒரு வாரத்தை நிரப்ப வேண்டும். ஆய்வுக்கூடம் என்றால் தொடர்ந்து மூன்று பீரியட் வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்கள் மொத்தமாக உட்காரப் பெரிய அரங்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு நான்கு துறைகள் அடித்துக்கொள்ளும். நிர்வாகம் ஒருமுறை ஒரு மென்பொருள் வாங்கிக் கொடுத்தது. அது ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு கட்டடங்களில் நிறுத்தியது. சாப்பாட்டு நேரத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் போட்டது. அன்றிலிருந்து கட்டம் சார் தன் அறைச் சுவரில் பெரிய அட்டையை ஒட்டி, துறைக்கு ஒரு நிறமாகச் சீட்டு வெட்டி, குண்டூசியால் குத்திப் பார்த்து, எல்லாம் சரியானதும்தான் கணினியில் ஏற்றுகிறார்.

நெட்டை சார் இயற்பியல் ஆசிரியர். உயரத்துக்காக வந்த பெயர். வகுப்பறைக் கதவில் தலையைக் குனிந்துதான் நுழைவார். வேதியியல் மேடம் அவர் மனைவி. அவர்களுடைய குழந்தை பிறந்தபோதே மூளையில் ஏதோ கோளாறு. உட்கார வராது, பேச வராது. குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எந்த நேரத்தில் வலிப்பு வரும், எப்போது சளி அடைக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் பயந்து ஓடிவிட்டாள். இன்னொருத்தி தூங்கிவிட்டாள், அன்று மேடம் தற்செயலாக வீட்டுக்குப் போயிருக்காவிட்டால் குழந்தை மூச்சுத் திணறியே போயிருக்கும். அதற்குப் பிறகு, நம்மில் யாராவது ஒருத்தர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த முடிவை நடத்திக் கொடுத்தது கட்டம் சார்தான். காலை முழுக்க மேடம் பாடம் நடத்துவார், சார் வீட்டில் இருப்பார். நான்காம் பீரியட் இருவருக்கும் காலி. அது ஆள் மாற்றிக்கொள்ளும் நேரம். வீடு பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்த ஊழியர் குடியிருப்பில். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு நெட்டை சார் அந்தப் பின்வாசலுக்கு வருவார். மேடம் அந்தப் பக்கமிருந்து வேகவேகமாக நடந்து வருவார்.

“சாப்ட்டாளா?”

“சாப்ட்டா. இருமல் கொஞ்சம் இருக்கு. மருந்து குடுத்துட்டேன்.”

“சரி, போங்க.”

வீட்டுச் சாவி கைமாறும். அவ்வளவுதான். காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அது பழகிப்போன காட்சி. குழந்தைக்கு ஒன்பது வயதாகும்வரை ஒரு நாள்கூட அந்த ஏற்பாடு பிசகவில்லை. இரண்டு துறைத் தலைவர்கள் சண்டை போட்டார்கள், ஒரு டீன் காரணம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். கட்டம் சார் அசைந்து கொடுக்கவில்லை.

விடுமுறையில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. கட்டம் சாரும் அவர் மனைவியும் துக்கத்துக்குப் போனார்கள். சின்னக் கூடம். கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது யார், தண்ணீர் கொடுப்பது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரே சமயத்தில் இருவரும் நகர்ந்து, ஒரே சமயத்தில் நின்றுவிட்டார்கள். வெளியே வந்ததும் கட்டம் சாரின் மனைவி, “ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னு நான் பாத்ததே இல்லைங்க” என்றாள். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் திறப்பதற்குச் சில வாரங்களே இருந்தன. அட்டவணை எங்கே என்று டீன் ஒருமுறை போன் செய்துவிட்டார். அன்று பிற்பகல் பொருளாதார விரிவுரையாளர் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“காலையில பெரிய அரங்கம் எப்பவும் வேதியியலுக்குப் போயிடுது. அவங்க நிலைமை தெரியும், அதனால நான் வாயே திறந்ததில்ல. இப்ப...” அவர் தரையைப் பார்த்தார். “இனிமே அவங்களுக்குக் காலை நேரமே வேணும்னு இல்லையே சார்.”

கட்டம் சாருக்குச் சுருக்கென்றது. “குழந்தை போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள இடம் பிடிக்க வந்துட்டீங்களா?”

விரிவுரையாளரின் முகம் சிவந்துபோனது. ஆனால் எழுந்து போகவில்லை. “எனக்கும் வீட்ல ரெண்டு குழந்தைங்க சார். இரட்டைப் பசங்க. அவங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில மதிய ஷிஃப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் போற வரைக்கும் கதவைப் பூட்டிக்கிட்டு தனியா உக்காந்திருக்குதுங்க. போன மாசம் ஒருத்தன் அடுப்பைப் பத்த வச்சுட்டான். நாலு வருஷமா கேக்கணும்னு நினைச்சு, கேக்காம இருந்தேன். எப்பக் கேட்டாலும் இது கேவலமாத்தான் இருக்கும்.”

கட்டம் சார் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் அஞ்சலகத்தில் கவுன்ட்டரில் வேலை செய்பவள். நாள் முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவள்.

“பேசாம பழையபடியே போட்டுடலாமான்னு பாக்கறேன். அவங்களை எதுவும் கேக்க வேணாம் பாரு.”

“கேட்டா என்ன?”

“எப்படிக் கேக்கறது? உங்க பொண்ணு செத்துட்டா, இனிமே எந்த நேரம் சௌகரியம்னா?”

“உங்களுக்குக் கேக்கப் பயம். அதுக்காக அவங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்களே எழுதிக்காதீங்க,” என்றாள் அவள். “போய்க் கேளுங்க. திட்டினா வாங்கிக்கிட்டு வாங்க.”

மறுநாள் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். விடுமுறையில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார், மேடம் இருந்தார். அலமாரியிலிருந்த பாட்டில்களை எல்லாம் மேசையில் இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் செய்கிற வேலை அது. கட்டம் சார் எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“டைம்டேபிளா?”

“ஆமா மேடம். அவசரமில்ல. நீங்க...”

“எல்லா நாளும் முதல் பீரியட்ல ஆரம்பிங்க. கடைசி பீரியட் வரைக்கும் போடுங்க.”

“அவ்வளவு போட விதி இல்ல மேடம்.”

“விதி எவ்வளவோ அவ்வளவு. மீதி நேரம் லேப் மேற்பார்வை போட்டுடுங்க. யாருக்குமே பிடிக்காத வேலைதானே, எனக்குக் குடுங்க. நடுவுல காலி மட்டும் வேணாம்.” பாட்டில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அந்த வீட்ல பகல்ல எனக்கு உக்கார முடியல.”

கட்டம் சார் குறித்துக்கொண்டார். திரும்பும்போது மேடம் கூப்பிட்டார். “நான் இப்படிக் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்ல வேணாம்.”

நெட்டை சாரை அன்று மாலையே கேன்டீன் பின்னால் பார்த்தார். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி, குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பதில் தயாராக இருந்தது.

“பழையபடியே போடுங்க சார். மதியத்துக்கு மேல கிளாஸ். காலையில நான் வீட்ல இருக்கணும்.”

கட்டம் சார் கொஞ்சம் தயங்கினார். “வீட்ல...”

“யாரும் இல்லதான். தெரியும். அந்த நேரத்துக்கு வேற எங்க இருக்கறதுன்னு எனக்குத் தெரியல. அவ ரூம்ல உக்காந்திருக்கேன். பேப்பர் படிக்கறேன். முன்னாடி அவளுக்குப் படிச்சுக் காட்டுவேன், இப்ப எனக்கே படிச்சுக்கறேன்.” அவர் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அவங்க என்ன கேட்டாங்க?”

“நீங்களே மேடத்துக்கிட்ட கேளுங்களேன் சார்.”

“நாங்க பேசிக்கறது வாசல்லதான். சாப்ட்டாளா, தூங்கினாளா, மருந்து குடுத்தாச்சா. இத்தனை வருஷமா அதைத் தவிர வேற பேச்சே கிடையாது. தப்பு சொல்லல, நேரம் இல்ல. இப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. நைட்டு ஒருத்தர் சாப்பிட்டு எழுந்த பிறகு இன்னொருத்தர் சாப்பிடறோம். பழக்கம் போக மாட்டேங்குது.”

கட்டம் சார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சீட்டுகளைக் குத்த ஆரம்பித்தார். வேதியியல் மேடத்துக்கு நாள் முழுக்க. நெட்டை சாருக்கு மதியத்துக்கு மேல். பெரிய அரங்கம் காலையில் பொருளாதாரத்துக்கு. எல்லாம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வழக்கமாக வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற வேலை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. ஒரு மோதல் இல்லை. இதுவரை அவர் போட்டதிலேயே இதுதான் சுத்தமான அட்டவணை.

எட்டி நின்று பார்த்தார். வேதியியலுக்கு மஞ்சள், இயற்பியலுக்கு நீலம். வாரம் முழுக்க, ஒருத்தர் வீட்டில் இருக்கிற நேரம் இன்னொருத்தர் வகுப்பில் இருந்தார். மாலையில் கடைசி மணி அடித்த பிறகும் மேடத்துக்கு மேற்பார்வை இருந்தது. பழைய அட்டவணையிலாவது நான்காம் பீரியட் என்று ஒன்று இருந்தது, வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினார்கள். இதில் அதுவும் போய்விட்டது. இருவரும் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

அன்று மதியம் யாரும் கேட்காத ஒரு காரியத்தை அவர் செய்தார். புதன்கிழமை ஐந்தாம் பீரியடிலிருந்து இருந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பிடுங்கி வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினார். அங்கே அதே மாணவர்களுக்கு அவருடைய சொந்தக் கணித வகுப்பு இருந்தது. அதைப் புதன்கிழமை ஆறாம் பீரியடுக்கு, மூன்றாம் மாடியில் வெயில் நேராக அடிக்கிற அறைக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை நெட்டை சாருக்கு இருந்த வேறொரு வகுப்பையும் புதன்கிழமை ஆறாம் பீரியடுக்கு இழுத்தார். மேடத்தின் புதன்கிழமை ஐந்தாம் பீரியட் மேற்பார்வையை வேறொருவருக்குக் கொடுத்தார். மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரே ஒரு பீரியட். இருவருக்கும் காலி. அப்படியே கணினியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அட்டவணை பலகையில் ஒட்டப்பட்ட அன்று பொருளாதார விரிவுரையாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன சூடு ஆறும் முன்னால் வேதியியல் மேடம் வந்தார். கதவைச் சாத்தினார்.

“புதன்கிழமை இந்த ஓட்டை எதுக்கு?”

“லேப் மோதல் மேடம். வேற வழி இல்லாம...”

“பொய் சொல்லாதீங்க. உங்க கட்டத்தை எத்தனை வருஷமாப் பாக்கறேன், எனக்குப் படிக்கத் தெரியாதா? அவருக்கும் அதே நேரம் காலி.”

கட்டம் சார் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

“யார் கேட்டா உங்களை? அவரா?”

“இல்ல மேடம். அவருக்குத் தெரியாது. நானா செஞ்சதுதான்.”

மேடத்தின் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “அவ இருந்தப்ப, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவ பக்கத்துல உக்காந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? லீவு நாள்லகூட ஒருத்தர் பாத்துப்பார், ஒருத்தர் தூங்குவோம். அவ ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பான்னு திரும்பிப் பாத்ததே கிடையாது. அப்ப வேணும்னு இருந்தது, அப்ப கிடைக்கல. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல, நீங்க செஞ்சதாலதான் அவ அத்தனை நாள் இருந்தா. ஆனா இப்ப இதைக் குடுக்கறீங்களே, இதை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணணும்?”

“தப்புதான் மேடம். நாளைக்கே மாத்திடறேன்.”

“மாத்துங்க,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாற்ற வேண்டும் என்றால் ஆய்வுக்கூடத்தைத் திரும்பப் புதன்கிழமைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நெட்டை சாரிடம் சொல்லியாக வேண்டும். கட்டம் சார் இயற்பியல் துறைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நெட்டை சார் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்.

“முழுசாச் சொல்லுங்க. என்ன சொன்னா?”

அவர் முழுசாகச் சொன்னார். அம்மா, அப்பா என்று திரும்பிப் பார்த்ததில்லை என்ற இடத்தையும் விடவில்லை.

“கோவமாச் சொன்னாளா?”

“ஆமா சார். கோவமாத்தான்.”

நெட்டை சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார். “என்கிட்ட அவ கோவப்படறதே இல்ல சார். அழறதும் இல்ல. அவளுக்கு ஒண்ணுமே ஆகலையோன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி நினைச்சதுக்காக அவ முகத்தைப் பாக்கவே வெக்கமா இருந்தது.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் நடந்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த பாதையில் போய், வேதியியல் துறைப் படியேறினார். அவர் அந்தப் படியேறி யாரும் பார்த்ததில்லை. கட்டம் சாருக்கும் கால் நிற்கவில்லை. பின்னாலேயே போய்ப் படிக்கட்டின் மேல் நின்றார். ஆய்வுக்கூடக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. மேடம் குழாயடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நெட்டை சார் எதையோ சொன்னார். மேடம் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். மேடம் குழாயைத் திருகி நிறுத்திவிட்டு, ஈரக் கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நின்றார். அதற்கு மேல் பார்ப்பது முறையில்லை என்று கட்டம் சார் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலை மேடமே அறை வாசலில் வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

“இந்த ஒரு செமஸ்டர் மட்டும் அப்படியே இருக்கட்டும்,” என்றார். “அப்புறம் பாக்கலாம்.”

செமஸ்டரின் முதல் புதன்கிழமை மேடம் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கிற பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை நெட்டை சார் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்றே யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு வாரம் இருவரும் சேர்ந்து பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போவதைக் காவலாளி பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் மேடம் தனியாகத் திரும்பி வந்தார், முகம் கல்லாக இருந்தது. சண்டையாக இருக்கலாம். கட்டம் சார் யாரிடமும் விசாரிக்கவில்லை. தன் வேலை கட்டம் போடுவதோடு முடிந்தது என்று இந்தத் தடவை உறுதியாக இருந்தார்.

செமஸ்டர் பாதி கடந்திருக்கும். ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரம் முடியப்போகும்போது நெட்டை சாரிடமிருந்து போன் வந்தது.

“சார், ஒரு கை குடுக்க முடியுமா? வீட்டுக்கு வரணும். கட்டில் கதவுக்குள்ள திரும்ப மாட்டேங்குது.”

கட்டம் சார் போனார். குழந்தையின் அறை. இருபுறமும் கம்பி வைத்த இரும்புக் கட்டில், தலைமாட்டைத் தூக்கி இறக்க ஒரு கைப்பிடி. சளி உறிஞ்சும் கருவியும் சக்கர நாற்காலியும் ஏற்கெனவே வாசலில் இருந்தன. ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து சின்ன வேன் வந்திருந்தது. கணவனும் மனைவியும் கட்டிலின் ஆளுக்கொரு பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“கம்பியைக் கழட்டினாத்தான் போகும்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறார்,” என்றார் மேடம்.

“உள்ள வந்தப்ப கழட்டாமத்தானே வந்துது?”

“அப்ப நீங்க ஊர்லயே இல்ல. நான்தான் ஆளை வச்சுக் கழட்டி மாட்டினேன்.”

நெட்டை சார் ஸ்பேனரை எடுத்தார். மரைகள் துருப்பிடித்திருந்தன. மேடம் எண்ணெய் ஊற்றினார். கட்டம் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கக் கம்பியில், குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில், வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. அந்தக் கம்பி கழன்று வந்ததும் மேடம் அதைக் கீழே வைக்கவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார். நெட்டை சார் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் அழுதார்கள். மறைத்துக்கொள்ளவில்லை. கட்டம் சார் வெளியே வந்து, வேன் ஓட்டுநரோடு நின்றுகொண்டார்.

“இதை யார் சார் வச்சிருந்தாங்க?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“இருங்க. அவங்களே சொல்லுவாங்க.”

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேருமாகக் கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து வெளியே கொண்டுவந்தார்கள். கம்பிகளைக் கயிற்றால் கட்டி ஏற்றியதும் மேடம் ஓட்டுநரிடம், “எங்க பொண்ணுக்கு வாங்கினது,” என்றார். “மெத்தை புதுசு, கவரை மட்டும் மாத்திடுங்க. தலைமாட்டுக் கைப்பிடியை இடது பக்கம் சுத்தணும். வலது பக்கம் சுத்தினா மாட்டிக்கும், உடைச்சிடப் போறாங்க. மறக்காம சொல்லிடுங்க.”

“சொல்லிடறேம்மா.”

வேன் திரும்பிப் போவதை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆறாம் பீரியடுக்கான மணி கேட்டது. மூன்று பேருக்கும் வகுப்பு இருந்தது. மேடம் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சேர்ந்து நடந்து போனார்கள். கட்டம் சார் மூன்றாம் மாடி ஏறியபோது, அவர் வர மாட்டார் என்று பாதி மாணவர்கள் எழுந்து போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார். சட்டைக் கையில் துரு ஒட்டியிருந்ததை மனைவி சொல்லித்தான் வீட்டில் பார்த்தார். என்ன ஏதென்று அவள் கேட்க, அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த செமஸ்டருக்கு மறுபடி சுவரில் வெறும் அட்டையை ஒட்டினார். கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. வழக்கம்போல முதல் பீரியட் வேண்டாம், கடைசி பீரியட் வேண்டாம். நெட்டை சார் எதுவும் கேட்கவில்லை. எங்கே போட்டாலும் சரி என்று சொல்லியனுப்பினார். ஒரு நாள் மேடம் வந்தார். கொஞ்சம் சங்கடத்தோடு கதவருகே நின்றார்.

“சார், இந்தத் தடவை காலையில முதல் பீரியட் வேணாம். முடிஞ்சாப் பாருங்க.”

“ஏதாவது பிரச்சினையா மேடம்?”

“இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தூக்கம் வருது. ரெண்டு பேருமே எழுந்துக்க மாட்டேங்கறோம். அலாரம் அடிச்சா, அவர் எழுந்து அதை நிறுத்திட்டுத் திரும்பப் படுத்துக்கறார்.” சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது சரிதானா என்று தெரியாதவர் மாதிரி ஒரு கணம் நின்றார்.

“பாக்கறேன் மேடம்,” என்றார் கட்டம் சார். எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். மேடம் போனதும் மஞ்சள் சீட்டுகளை எடுத்து, இரண்டாம் பீரியடிலிருந்து குத்த ஆரம்பித்தார்.